சுற்றி வைத்த வயர்கள்

இன்று காலை பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் செல்போன் கடையில் என் போனை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். கடைக்காரப் பெண் சூடான சால்டரிங் கம்பியை ஈயத்தில் வைத்ததும் அந்த ரெசின் புகை எழுந்து என் முகத்துக்கு வந்தது. நான் படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டேன். "புகை ஒத்துக்கலையா சார்" என்று அந்தப் பெண் கேட்டாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

உன் மாடி அறையின் வாசனை அது. நாளைக்கு உனக்கு முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி. காலை ஆறு மணிப் பூசை, நான்தான் கீபோர்டு. அதற்கு முன்னால் உனக்கு இதை எழுதிவிட வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். எனக்காக உன் மனைவியிடம் நீ சொன்ன பொய்யை, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உடைத்துவிட்டேன். நீ கோபப்படுவாயோ என்னவோ. முழுதாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபப்படு.

நம் பழக்கமே ஓர் இரைச்சலில் ஆரம்பித்ததுதான். கோயில் ஆம்ப்ளிபயர் பூசை நேரத்தில் உறுமிக்கொண்டே இருந்தது. யாரோ உன்னைக் கூட்டி வந்தார்கள். தாடிக்கொம்பு ரோட்டில் எரிந்துபோன கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவன் என்றார்கள். செம்புக் கம்பி சுற்றுகிறவனுக்கு ஆம்ப்ளிபயரைப் பற்றி என்ன தெரியும் என்று எனக்கு இளக்காரம். நீ திருப்புளியின் முனையைப் பெட்டியின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டாய். எர்த் சரியில்லை என்றாய். சரி செய்தாய். அன்றைக்குப் பாட்டு சுத்தமாக வந்தது. நான் நன்றி சொன்னேனா என்று ஞாபகமில்லை.

நமக்கு ஐம்பது தாண்டிய பிறகுதான் உனக்கு அந்தப் பேய் பிடித்தது. ஒரு மத்தியானம் கடைக்கு வந்த என்னிடம் போனை நீட்டினாய். யாரோ ஒருவர் அலமாரி உயரத்துக்கு நின்ற வயர்க் காட்டின் முன்னால் உட்கார்ந்து குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தார். "ஏலே, இதப் பாரு. கட்டையே இல்ல, ஆனா பாடுது" என்றாய். அதன் பெயர் மாடுலர் சிந்தசைசர் என்று உனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. முப்பது வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறவன் நான், எனக்குத் தெரியாது.

அதை நீ எனக்கு விளக்கிய விதம் இன்னும் நினைவிருக்கிறது. என் கீபோர்டில் கட்டையை அழுத்தினால் ஓசை வரும். இதில் ஓசை எழுப்ப ஒரு பலகை, அதன் கூர்மையை மழுக்க ஒரு பலகை, கூட்டிக் குறைக்க ஒரு பலகை என்று எல்லாம் தனித்தனி. சும்மா விட்டால் ஊமையாகக் கிடக்கும். இந்தப் பலகையின் ஓட்டையிலிருந்து அந்தப் பலகையின் ஓட்டைக்கு நாம் வயரைக் குத்தினால்தான் வாய் திறக்கும். எந்த வயர் எங்கே போகிறது, எந்தக் குமிழ் எங்கே நிற்கிறது என்பதுதான் பாட்டு. வயரைப் பிடுங்கினால் பாட்டு போயிற்று. பெட்டிக்கு ஞாபகம் என்பது கிடையாது.

இதைக் கவனி. இந்தக் கடைசி விஷயத்தை நீ எனக்கு முதல் நாளே சொல்லியிருக்கிறாய்.

தபாலில் வந்த சர்க்யூட் பலகைகளில் நீயே ஒவ்வொரு பாகமாக ஈயம் வைத்தாய். முகப்புத் தகட்டைப் பழைய அலுமினியப் பெயர்ப் பலகையில் வெட்டினாய்; உன் ஓசைப் பலகையின் முதுகில் யாரோ ஒரு வக்கீலின் பெயரில் பாதி இருந்தது. எல்லாவற்றையும் மேசை இழுப்பறை ஒன்றில் நிறுத்தி, மாடியில் தகரக் கூரை போட்ட அறையில் வைத்தாய். மூன்று வாரம் அது மூச்சு விடவில்லை. வெளியே அனுப்புகிற ஓட்டையை இன்னொரு வெளியே அனுப்புகிற ஓட்டையோடு இணைத்துக்கொண்டிருந்தோம் நாம் இரண்டு மேதைகளும். நான்காவது வாரம் ஒரு வயரை எரிச்சலில் இடம் மாற்றிக் குத்தினாய். தண்ணீர் இல்லாமல் ஓடும் போர் மோட்டார் போல ஒரு சத்தம் அறையை நிறைத்தது. ஸ்டெல்லா கரண்டியோடு மேலே ஓடி வந்து, எது எரிகிறது என்று கேட்டாள். நீ சிரித்த சிரிப்பில் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஃபேன் கதையை நீ போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லுவாய். சுருதி நிற்கவே இல்லை. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். பவர் சப்ளை என்று நினைத்து அதைக் கழற்றி மாட்டினாய். பிறகு பலகை முழுதும் மறுபடி ஈயம் வைத்தாய். மூன்று நாள் போனது. நாலாம் நாள் ஸ்டெல்லா வந்து, கீழே வற்றல் காயவில்லை என்று மேசை ஃபேனைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் படி இறங்குவதற்குள் சுருதி ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. தலையைத் திருப்பித் திருப்பி வீசிய அந்த ஃபேன்தான், ஒவ்வொரு முறையும் பலகையைக் குளிரவைத்துச் சுருதியை அசைத்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு ஒரு சட்டம் வந்தது: பெட்டியை ஓடவிட்டு இருபது நிமிடம் சூடாக விட வேண்டும், ஃபேனை நிறுத்த வேண்டும், பிறகுதான் சுருதி சேர்க்க வேண்டும். திண்டுக்கல் சித்திரை மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த இருபது நிமிடங்களில் நாம் பேசாத பேச்சு இல்லை. என் வாழ்க்கையில் வேறு யாரிடமும் நான் அவ்வளவு பேசியதில்லை.

ஆனாலும் நான் உன்னைக் குறை சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, தாளம் தள்ளிப் போகிறது, இதற்கு ராகம் என்ன என்று கேட்பேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை. ஒரு நாள் நீ திரும்பிப் பார்க்காமலே சொன்னாய்: "சுருதிதான் வேணும்னா ஓங்கிட்ட கீபோர்டு இருக்குல்ல. இது என்ன சொல்லுதுன்னு செத்த நேரம் பேசாம கேளு." நான் கேட்டேன். ஒழுங்காகக் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

பிறகு உனக்கு வயிற்றில் கட்டி வந்தது. மதுரைக்குப் போனோம், வந்தோம், மறுபடி போனோம். மருந்து ஏற்றிக்கொண்டு வந்தால் நான்கைந்து நாள் சுருண்டு கிடப்பாய். எழுந்ததும் மாடிக்குத்தான் போவாய். அந்த இடைவெளிகளில்தான் அதைச் செய்தாய். ஐந்தாறு வாரம் இருக்கும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு செய்ததால் வீட்டில் யாருக்கும் கேட்காது. ஸ்டெல்லாவிடம் மட்டும், "ஒனக்குத்தான் செய்யிறேன், வெள்ளி விழா அன்னிக்குக் கேளு" என்று சொல்லி வைத்திருந்தாய். உங்கள் கல்யாணத்தின் இருபத்தைந்தாம் வருடம் மூன்று மாதத்தில் வர இருந்தது.

எனக்கு ஒரு தடவை ஹெட்போனைக் கொடுத்தாய். கீழே மூச்சு மாதிரி நீளமாக ஓர் ஓசை. அதன்மேல் ஐந்து சுரங்கள் ஒவ்வொன்றாக ஏறின. மூன்றாவதில் கொஞ்சம் தயங்கி, பிறகு ஏறின. அடுத்த முறை தயக்கம் சற்று நீண்டது. அதற்கடுத்த முறை நான்காவதில் நின்றது. ஒரு தடவை வந்த மாதிரி இன்னொரு தடவை வரவில்லை. என்ன இது என்று கேட்டேன். "அவ மாடிப்படி ஏறி வர்றா. முட்டு வலிக்குதுல்ல, நடுவுல நிப்பா" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். பிறகு ஹெட்போனைக் கழற்றவே மனசில்லாமல் உட்கார்ந்திருந்தேன். போட்டோ எடுத்து வைத்துக்கொள், வயர் அவிழ்ந்துவிட்டால் என்ன செய்வாய் என்றேன். போட்டோவில் வயர் தெரியும், குமிழ் மயிரிழை எங்கே நிற்கிறது என்று தெரியாது என்றாய். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது, பார்.

நான்காவது முறை மதுரையில் ஒரு வாரம் வைத்துக்கொண்டார்கள். ஸ்டெல்லா உன்னோடு இருந்தாள். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது, வீட்டில் தூசி தும்பு இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக எனக்குப் போன் செய்தாள். சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. மாடி அறையை மட்டும் கொஞ்சம் துடைத்துவிடுங்கள் அண்ணே, வந்ததும் அங்கேதான் போய் உட்காருவார் என்றாள்.

எங்கள் பாடகர் குழுவின் வழக்கம் உனக்குத் தெரியும். முன்னொரு காலத்தில் ஒரு வயதான அம்மா மைக் வயரில் தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அன்றைய பங்குச் சாமியார், பூசை முடிந்தால் தரையில் ஒரு வயர் கிடக்கக் கூடாது என்று சொன்னார். அன்றிலிருந்து இறுதி ஆசீர் முடியும் முன்பே என் கை வயருக்குப் போய்விடும். முழங்கையில் சுற்றக் கூடாது, முறுக்கு விழும். உள்ளங்கையில் ஒரு சுற்று மேலாக, ஒரு சுற்று கீழாக வர வேண்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்கு நான் கூரையில் ஒட்டடை அடித்தேன். தரையை டெட்டால் போட்டுத் துடைத்தேன். பிறகு ஈரத்துணியோடு பெட்டிக்கு வந்தேன். வயர்கள் குறுக்கே இருந்ததால் தகட்டைத் துடைக்க முடியவில்லை. ஒன்றைப் பிடுங்கினேன். கை அதை உள்ளங்கையில் மேலாகவும் கீழாகவும் சுற்றிற்று. அடுத்ததைப் பிடுங்கினேன். எல்லாவற்றையும் நிறம் நிறமாகப் பிரித்து, ரப்பர் பேண்டு போட்டு, பிஸ்கட் டப்பாவில் அடுக்கினேன். குமிழ்களையும் ஒவ்வொன்றாகத் திருகி அழுக்கெடுத்து, எல்லாம் ஒரே பக்கம் பார்க்க நேராக நிறுத்தினேன். தள்ளி நின்று பார்த்து, என் வேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

கை செய்துவிட்டது என்றுதான் ஒரு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதில் உண்மை உண்டு. ஆனால் உன்னிடம் மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது? முப்பது வருடம் வாசித்தும் நான் எனக்கென்று ஒரு பாட்டுச் செய்ததில்லை. யாரோ செய்ததை வாசித்தேன். மோட்டார் காயில் கட்டுகிற நீ, மனைவி படி ஏறுவதைப் பாட்டாக்கிவிட்டாய். எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தப் பொறாமை கையில் போய் உட்கார்ந்ததா என்று எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்துவிட்டேன். இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ வந்தாய். படியில் இரண்டு முறை உட்கார்ந்து ஏறி வந்தாய். பளபளவென்று நின்ற பெட்டியைப் பார்த்தாய். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். நீ உள்ளே காலெடுத்து வைத்த அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. "எல்லாத்தையுமா?" என்று மட்டும் கேட்டாய். பின்னாலேயே ஸ்டெல்லா கஞ்சி டம்ளரோடு வந்தாள். அவளும் பார்த்தாள். வயரெல்லாம் எங்கே என்று கேட்டாள்.

"நாந்தான் ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்குக் காலையில பிடுங்கிட்டேன். சரியா வரல. விடு" என்றாய்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். நீ சொன்னதாவது பொய். நான் ஆட்டிய தலை அதைவிட மோசம். அன்றைக்கு நீ என்னைக் காப்பாற்றினாயா, அறையைத் துடைக்கச் சொன்ன அவளைக் காப்பாற்றினாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்க நான் துணியவில்லை.

ஸ்டெல்லா வேலைக்காகப் பள்ளிக்கூடம் போன பகல்களில் நான் லீவு போட்டுவிட்டு உன்னோடு உட்கார்ந்தேன். நீ மறுபடி போட்டுப் பார்த்தாய். மருந்து உன் விரல் நுனிகளை மரக்க வைத்திருந்தது. வயர் முனை கையில் இருப்பதே உனக்குத் தெரியவில்லை. நழுவி நழுவி விழுந்தது. குமிழைத் திருகினால் எங்கே நிறுத்துவது என்று விரல் சொல்லவில்லை. பிறகு நீ சொல்லச் சொல்ல நான் குத்தினேன். சிவப்பை மேலே ரெண்டாவதில் குத்து, இல்லை, அது இல்லை, கொஞ்சம் இடதுபக்கம் திருகு என்று நீ மூச்சு வாங்கச் சொன்னாய். ஐந்து சுரங்கள் வந்தன. ஏறின. ஆனால் யாரோ அவசரமாக ஓடி ஏறுகிற மாதிரி இருந்தது. நாலு மணிக்கு அவள் வருவதற்குள் எல்லாவற்றையும் பிடுங்கிவிடச் சொல்லுவாய். பாட்டு சரியாக வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், வராமல் போனால் அவளுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்பாய். நாள்தோறும் நான் குத்தினேன், நாள்தோறும் நானே பிடுங்கினேன். பத்துப் பன்னிரண்டு நாள் அப்படிப் போனது. ஒரு நாள் பாதியில் சுவரில் சாய்ந்துகொண்டு, "நாளைக்குப் பாப்போம்ப்பா" என்றாய். மறுநாள் உன்னால் படி ஏற முடியவில்லை. வெள்ளி விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது போய்விட்டாய்.

அடக்கப் பூசையில் நான் வாசித்தேன். ஒரு சுரம் தப்பவில்லை. அதை நினைத்தால் இன்னும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. வீட்டில் உன் ஐந்து சுரங்களையும் கீபோர்டில் எத்தனையோ முறை வாசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வந்தது. அவள் அப்படி ஏற மாட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஸ்டெல்லா என்னைக் கூப்பிட்டாள். வீட்டுக்கு வந்து அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். ஆட்டோ பேசிக்கொண்டு போனேன். அவள் மாடிக்கு என்னோடு வந்தாள். ஒரு வருடத்தில் அவள் அந்த அறைப் பக்கம் வருவது அதுதான் முதல் முறை என்றாள். வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"எனக்கு இதப் பாத்தாக் கோவமா வருதுண்ணே" என்றாள். "எனக்குன்னு செய்யிறேன்னு அம்புட்டு நாள் உக்காந்தாரு. ஆஸ்பத்திரிக்குக் கெளம்புற அன்னிக்கே பிடுங்கிப் போட்டுட்டாரு. அப்பவே என்னைய விட்டுட்டாருன்னுதான அர்த்தம்? அவரு மனசு விட்டுட்டா மருந்து எங்க கேக்கும்?"

அழுதுகொண்டு சொல்லவில்லை. பலமுறை தனக்குள் சொல்லிப் பழகின குரலில் சொன்னாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நீ சொன்ன பொய் இந்த வீட்டில் ஒரு வருடமாக என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று. நான் நம் ரகசியம் என்று பத்திரமாக வைத்திருந்தது அவளை உள்ளுக்குள் அரித்துத் தின்றிருக்கிறது. கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். ஒரு கணம், பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்றுகூட நினைத்தேன். நினைத்ததையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

பிறகு சொன்னேன். பிடுங்கியது நான் என்றேன். டப்பாவில் அடுக்கியது, குமிழ்களை நேராக்கியது எல்லாவற்றையும் சொன்னேன். அது என்ன பாட்டு என்றும் சொன்னேன். பகல்களில் நீ மரத்த விரல்களோடு மறுபடி முயன்றதைச் சொன்னேன். என்னை மன்னித்துவிடு என்றேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அவரு விடலையா?"

"விடல தங்கச்சி."

"கடைசி வரைக்குமா?"

"படி ஏற முடியிற வரைக்கும்."

கீழே ஆட்டோ போய்விட்ட சத்தம் கேட்டது. பிறகு என்னைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னாள்: "ஒரு வருசமா செபத்துல உக்காந்தா நான் அவரத்தான் ஏசுறேன். ஒரு நாள் விடாம ஏசியிருக்கேன்."

நான் பெட்டியின் பக்கம் ஓர் அடி வைத்தேன். என்ன செய்வதென்று தெரியாமல்தான் வைத்தேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"பெட்டி இருக்கட்டும். நீங்க மட்டும் போங்க" என்றாள்.

போய்விட்டேன். அதன் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. நாளைக்குப் பூசைக்கு வருவாள்; உன் பெயரை வாசிக்கும்போது முன்வரிசையில் இருப்பாள். என் பக்கம் திரும்ப மாட்டாள். திரும்ப வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. மன்னிப்பு அவளிடம் கேட்டேன், கிடைக்கவில்லை. உன்னிடம் கேட்டால் நீ வழக்கம்போல விடு என்றுதான் சொல்லுவாய். அதனால் உன்னிடம் கேட்கப் போவதில்லை.

ஒரு வருடம், ஒரு நாள் விடாமல், எனக்கு விழ வேண்டிய ஏச்சைக் கல்லறைக்குள் படுத்துக்கொண்டு நீ வாங்கியிருக்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அது சரியான ஆளுக்கு வந்துகொண்டிருக்கிறது. அவள் என்னை ஏசும் வரைக்கும் உன்னை ஏச மாட்டாள். நீ தூங்கு.